கம்பியைத் தொட்டால் அடங்கும் இரைச்சல்: ஜாஸ் பேஸுக்குக் காப்பர் டேப் ஒட்டியது

ஜாஸ் பேஸ் வகைக் கிட்டார். ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபயரில்) செருகியதும் கரகரவென்று இரைச்சல்; கம்பியில் கை பட்டால் அடங்கும், எடுத்தால் திரும்பும். "எர்த் போயிடுச்சு" என்பார்கள். அப்படியில்லை. தொட்டால் குறைகிறது என்றால் பிரிட்ஜ் எர்த் (கம்பிகள் அமரும் உலோகத் தகட்டின் எர்த் இணைப்பு) நன்றாக இருக்கிறது என்று பொருள். சுற்றியுள்ள மின்புலத்தை நம் உடம்பு வாங்கி, கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப்புக்குக் கொடுக்கிறது. கம்பியைத் தொட்டதும் உடம்பும் எர்த்தோடு சேர்ந்துவிடுகிறது. குறை ஷீல்டிங்கில், அதாவது மின்புலத்தைத் தடுக்கும் உலோக உறையில். தொட்டால் இரைச்சல் கூடினால்தான், ஜாக்கில் (கேபிள் செருகும் துளையில்) ஒயர்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

திருப்புளியை எடுக்கும் முன் கேபிளை மாற்றிப் பார்த்தேன், மாற்றமில்லை. ஃபேன் ரெகுலேட்டரை அணைத்ததும் கரகரப்பு கொஞ்சம் இறங்கியது. பிளக் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். இரைச்சல் போகட்டும் என்று ஆம்ப்பின் எர்த் பின்னைக் கழற்றிவிடுகிறவர்கள் உண்டு. ஆம்ப்பில் கசிவு வந்தால் கிட்டார்க் கம்பி வழியாகவே ஷாக் அடிக்கும். உயிர் போகிற வேலை.

அடுத்து இரண்டு பிக்கப்புகளின் வால்யூமையும் முழுதாகத் திறந்தேன். அடியில் கேட்ட ‘ம்ம்ம்’ மறைந்தது. ஒன்றைக் குறைத்ததும் வந்துவிட்டது. இரண்டு பிக்கப்பிலும் சுருளும் காந்தமும் எதிரெதிர் திசையில் இருப்பதால், சேர்ந்து ஒலிக்கும்போது ஹம் கழிந்துவிடுகிறது. இந்த ஹம் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தால் வருவது. காப்பர் டேப் இதை ஒன்றும் செய்யாது. டேப் ஒட்டியும் பலனில்லை என்று புலம்புகிறவர்களில் பலர் கரகரப்பையும் இந்த ஹம்மையும் ஒன்றாக எண்ணியவர்கள்தான்.

மல்டிமீட்டரில் பிரிட்ஜுக்கும் ஜாக்கின் எர்த் முனைக்கும் இடையே 1 ஓமுக்குக் கீழே காட்டியது, சரி. கிட்டார் உடலில் ஒயர்கள் இருக்கும் குழிக்குள் கருப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். மீட்டர் அசையவில்லை, வெறும் பெயின்ட். அது மின்கடத்தும் பெயின்ட்டாக இருந்திருந்தால், லக் என்னும் சிறு உலோகத் தகட்டைத் திருகி எர்த் ஒயரை இணைத்தாலே போதும்.

50 மி.மீ. அகலக் காப்பர் டேப், பசையும் மின்கடத்தும் வகை. முதலில் அடித்தளம், பிறகு சுவர்கள். மேல் விளிம்பில் 5 மி.மீ. வெளியே மடித்துவிட்டால் உலோகக் கன்ட்ரோல் பிளேட் அதன்மேல் உட்கார்ந்து மூடியாகிவிடும். துண்டுகள் 5 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். பசையை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு சேர்மானத்திலும் ஒரு பொட்டு சால்டர் வைத்தேன். ஓரிரு நொடிதான், அதற்கு மேல் பிடித்தால் பசை கருகும். பிக்கப் குழிகளுக்கும் இதே வேலை. ஒவ்வொரு குழியிலிருந்தும் ஓர் ஒயர் பாட்டின் (வால்யூம் குமிழுக்குக் கீழுள்ள உறுப்பின்) முதுகுக்கு வர வேண்டும். இது விட்டுப்போனால் ஒட்டியதெல்லாம் வெறும் அலங்காரம்.

மூடி, செருகினால் வாசிக்கும் சத்தமும் இல்லை! பிளக் நுழையும்போது ஜாக்கின் முனைத்தகடு வெளிப்பக்கம் வளைந்து சுவர் டேப்பைத் தொடுகிறது, சிக்னல் எர்த்துக்குப் போய்விடுகிறது. பிளக் இல்லாமல் அளந்தால் மீட்டரில் இது தெரியவே தெரியாது. அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப். பிக்கப்பின் அடியில் சால்டர் புள்ளிகள் தரை டேப்பில் படும் இடத்திலும் அதையே ஒட்டினேன்.

இப்போது கம்பியைத் தொட்டாலும் விட்டாலும் சத்தத்தில் வித்தியாசமில்லை. ஒற்றைப் பிக்கப்பில் மட்டும் அந்த ‘ம்ம்ம்’ இருக்கிறது. அதற்கு ஹம் நீக்கும் பிக்கப் மாட்ட வேண்டும். இல்லையென்றால் ஆம்ப்பிலிருந்து தள்ளி, சற்றுத் திரும்பி நின்று வாசிக்கலாம்.