தோமாவின் எட்டு நாள்

2025 ஏப்ரல் 20, ஞாயிறு. ஈஸ்டர்

விடியற்காலை ஆராதனை. இருட்டோடு போய்விட்டோம். "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று போதகர் சொன்னதும் சபை முழுவதும் "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று ஒரே குரலில் பதில் சொன்னது. வருடா வருடம் அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிடும். இன்றும் கலங்கியது. ஆனால் காரணம் வேறு.

கடைசி பெஞ்சில் அவன் நின்றுகொண்டிருந்தான். ஞாயிறு பள்ளியில் ஆறு வருடம் என் வகுப்பில் இருந்தவன். பாடகர் குழுவில் டெனர் பாடியவன். போன வருடம் அம்மா இறந்த பிறகு பாட வருவதை நிறுத்திவிட்டான், ஆராதனைக்கு வருவதும் எப்போதாவதுதான். எதை நம்புகிறோம் என்று சபையாக அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்ல எல்லோரும் எழுந்தபோது அவனும் எழுந்தான். வாய் மட்டும் அசையவில்லை. திருவிருந்துக்கும் முன்னால் வரவில்லை.

வெளியே வரும்போது பெரியவர் ஒருவர் அவன் தோளைத் தட்டி, "என்னப்பா, விசுவாசத்துல தளர்ந்துட்டியா?" என்று கேட்டார். அக்கறையோடுதான் கேட்டார். அவன் லேசாகச் சிரித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை நான்.

ஏப்ரல் 21, திங்கள்

போப் பிரான்சிஸ் காலமாகிவிட்டார் என்று செய்தி. நாங்கள் கத்தோலிக்கர் இல்லை. ஆனாலும் நேற்றுத்தான் அவர் ஈஸ்டர் ஆசீர் கொடுத்ததைப் பார்த்திருந்ததால் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. 2013-இல் ஒரு பேட்டியில் அவர் சொன்னது எனக்கு எப்போதும் நினைவில் இருக்கும். கடவுளைத் துளிகூடச் சந்தேகமில்லாத முழு நிச்சயத்தோடு சந்தித்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் அது சரியில்லை, எல்லாக் கேள்விக்கும் ஒருவரிடம் பதில் இருந்தால் கடவுள் அவரோடு இல்லை என்பதற்கு அதுவே அடையாளம் என்ற பொருளில் பேசியிருந்தார். மோசேயைப் போன்ற பெரிய தலைவர்கள் எப்போதும் சந்தேகத்துக்கு இடம் விட்டு வைத்திருந்தார்கள் என்றும் சொன்னார்.

அப்போது அதைப் படித்துவிட்டு, ஒரு திருச்சபைத் தலைவர் இப்படியா பேசுவது என்று எனக்குக் கோபம் வந்தது. இன்று தேடி எடுத்துத் திரும்பப் படித்தேன். கோபம் வரவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஏழெட்டு மாதமாக நான் ஜெபிக்கும்போது எதிரே யாரும் இருப்பதாகத் தோன்றுவதில்லை. வார்த்தைகள் வருகின்றன, பழக்கத்தில் வருகின்றன. ஆமென் சொல்லி எழுந்துவிடுகிறேன். பாடம் நடத்துகிறேன், ஜெபக்கூட்டத்தில் மற்றவர்களுக்காக ஜெபிக்கிறேன், "உங்க ஜெபம் ரொம்ப ஆறுதலா இருந்துச்சு அக்கா" என்கிறார்கள். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. சொன்னால் என்னை என்னவென்று நினைப்பார்களோ என்ற பயம்தான்.

அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் புத்தகமாக வந்தபோது பலருக்கு அதிர்ச்சி. கிட்டத்தட்ட ஐம்பது வருடம் உள்ளுக்குள் இருட்டு, வெறுமை, கடவுள் தன்னை விரும்பவில்லையோ என்ற தவிப்பு. அதை அவர் சொன்னது தன் ஆத்தும வழிகாட்டிகளான ஒரு சிலரிடம் மட்டும். அந்தக் கடிதங்களை அழித்துவிடும்படியும் கேட்டுக்கொண்டார். அவருடைய இருட்டைவிட, அதை வெளியே சொல்ல இடமில்லாமல் போனதுதான் எனக்கு அதிக வேதனை தருகிறது. சுற்றிலும் சகோதரிகள், காலையும் மாலையும் ஜெபம். அப்படியும் சொல்ல முடியவில்லை.

ஆதிச் சபையின் தலைவர்கள் நிசேயா சங்கமாகக் கூடி இந்த வருடம் 1700 வருடம். 325-இல் அவர்கள் கிரேக்க மொழியில் எழுதிய விசுவாசப் பிரமாணம் "விசுவாசிக்கிறோம்" என்று பன்மையில்தான் தொடங்குகிறது. ஞானஸ்நானத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொல்லும்போது "விசுவாசிக்கிறேன்". சங்கமாகக் கூடிச் சொன்னபோது "விசுவாசிக்கிறோம்". எனக்கு இப்போது அந்த "றோம்" தேவையாக இருக்கிறது. என்னால் சொல்ல முடியாத வரியைப் பக்கத்தில் நிற்பவர் சொல்லிக்கொண்டிருப்பார் அல்லவா.

ஏப்ரல் 24, வியாழன்

அவன் வீட்டுக்குப் போனேன். இங்கே எழுதப்போவதைப் பற்றி அவனிடம் கேட்டேன். "பேர் போடாம எழுதுங்க டீச்சர், பரவாயில்ல" என்றான்.

ரொம்ப நேரம் வேலை, தங்கையின் படிப்பு என்று பேசிக்கொண்டிருந்தோம். கிளம்பலாம் என்று எழுந்தபோதுதான் கேட்டான்.

"டீச்சர், அன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல நீங்க என்கிட்ட என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. மறக்க முடியாது. அவன் அம்மாவுக்காகச் சபை முழுவதும் மூன்று நாள் உபவாசம் இருந்தது. வெளியிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர் கையை வைத்து ஜெபித்துவிட்டு, 118-ஆம் சங்கீதத்தைச் சொல்லி, "இந்தச் சகோதரி சாவாமல் பிழைத்திருப்பாள், கர்த்தர் சொல்கிறார்" என்றார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னோம். அன்று இரவு இவன் வராண்டாவில் என்னைப் பார்த்து, "அம்மா நிஜமாவே பிழைப்பாங்களா டீச்சர்?" என்று கேட்டான். நான் சொன்னேன்: "சந்தேகப்படாத தம்பி. சந்தேகப்பட்டா ஜெபம் தடைபட்டுப் போயிடும்."

ஒன்பதாவது நாள் அம்மா போய்விட்டார்கள்.

"நான் சந்தேகப்பட்டேன் டீச்சர். அந்த ஒன்பது நாளும். வெளியில காட்டிக்கல. அதனாலதான் போயிட்டாங்களா?"

பத்தொன்பது வயதுப் பிள்ளை. ஒரு வருடமாக இதைத் தனியாகச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறான். நாங்கள் விசுவாசத்தில் தளர்ந்துவிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

திரும்ப உட்கார்ந்துவிட்டேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். நான் சொன்னது தப்பு என்றேன். உன்னைத் தைரியப்படுத்த அல்ல, எனக்கு இருந்த பயத்தில் சொன்னேன் என்றேன். அப்புறம் மாற்கு 9-ஆம் அதிகாரத்தை எடுத்து அவன் கையிலேயே கொடுத்தேன். பிள்ளையைக் கொண்டுவந்த தகப்பன் "நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்" என்றுதான் ஆரம்பிக்கிறான். அந்தக் "கூடுமானால்" முழுக்கச் சந்தேகம். பிறகு "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கதறுகிறான். உன் விசுவாசம் முழுசாகட்டும், அப்புறம் வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளை சுகமானான்.

அவன் படித்துவிட்டு, "அப்ப ஏன் எங்கம்மா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"எனக்குத் தெரியலப்பா" என்றேன். இதை இத்தனை வருடத்தில் ஒரு மாணவனிடம் நான் சொன்னதேயில்லை. "உன் சந்தேகத்தால இல்ல. அது மட்டும் தெரியும்."

அழுதான். நானும்தான்.

வாசல்வரை வந்தவன் இன்னொன்று கேட்டான். எங்கள் ஜெபக்கூட்டத்தின் ஜெபக்குறிப்பு நோட்டில் அம்மா பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று. பார்த்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பார்க்க வேண்டியதில்லை, எனக்கே தெரியும்.

ஏப்ரல் 25, வெள்ளி

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினோரு வருடமாக என்னிடம்தான் இருக்கிறது. நீள நோட்டு, நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு. இடப்பக்கம் தேதி, பெயர், குறிப்பு. வலப்பக்கம் ஜெபம் கேட்கப்பட்டால் சிவப்பு மையில் "ஸ்தோத்திரம்" என்று எழுதி, கூட்டத்தில் வாசிப்போம். கேட்கப்படாதவற்றுக்கு எதிரே எதுவும் எழுதுவதில்லை. பக்கம் நிறைந்ததும் புரட்டிவிடுவோம். அந்தப் பெயர்கள் மறுபடி வாசிக்கப்படுவதில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் இப்படிச் செய்யவில்லை. ஆனால் நேற்று இரவு முழு நோட்டையும் புரட்டினேன். சிவப்பு எழுத்துகள் நிறைய இருந்தன, அதற்கு உண்மையாகவே நன்றி சொல்கிறேன். வெறும் கட்டங்களும் அதே அளவு இருந்தன. அந்த வெறும் கட்டங்களில் இருந்த குடும்பங்களில் எத்தனை பேர் இன்று கூட்டத்துக்கு வருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். தூக்கம் போய்விட்டது.

இன்று கூட்டத்தில் அவனைக் குறிப்பிடாமல் பொதுவாகவே பேசினேன். சந்தேகம் இருக்கிறவர்களும் இங்கே வாய்விட்டுச் சொல்லலாமா என்று கேட்டேன். உடனே ஒரு அக்கா யாக்கோபு 1:6-ஐ எடுத்தார்கள். சந்தேகப்படுகிறவன் காற்றினால் அடிபட்டு அலைகிற கடலின் அலைக்கு ஒப்பாயிருக்கிறான். அந்த வசனத்தை நான் மறுக்கவில்லை. சந்தேகம் அப்படித்தான் அலைக்கழிக்கும், எட்டு மாதமாக நான் அலைகிறேன். அதை ஒரு பெருமையாகக் கொண்டாடவும் எனக்கு மனமில்லை. ஆனால் அதற்கு முந்தின வசனத்தையும் வாசியுங்கள் அக்கா என்றேன். "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவருமாகிய தேவனிடத்தில் கேட்கக்கடவன்." கடிந்துகொள்ளாத தேவனைப் பற்றிச் சொன்ன கையோடு வருகிற வசனத்தை எடுத்து நாம் ஒருவரையொருவர் கடிந்துகொள்கிறோமே என்றேன்.

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு 88-ஆம் சங்கீதத்தை வாசித்தோம். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர் என்ற புலம்பலோடு நின்றுவிடும். ஆனால் தலைப்பைப் பாருங்கள், இராகத்தலைவனிடம் ஒப்புவிக்கப்பட்டது. சபையில் பாடுவதற்காகக் கொடுத்திருக்கிறார்கள். இப்படி ஒரு பாட்டை நாம் கடைசியாக எப்போது பாடினோம்?

கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும்போது, அந்த யாக்கோபு வசனம் சொன்ன அக்கா என் பக்கத்தில் வந்தார்கள். மெதுவான குரலில், "எனக்குப் பத்து வருஷமா இருக்கு" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். பாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஏப்ரல் 26, சனி

நாளைக்கு ஞாயிறு பள்ளியில் தோமாவின் பாடம். உயிர்த்தெழுந்த இயேசுவின் காயங்களைப் பார்த்துத் தொடாமல் நம்பமாட்டேன் என்ற சீஷன். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறை கிழக்கத்திய சபைகள் தோமாவின் ஞாயிறு என்றே அழைக்கின்றன. இந்த வருடம் கிழக்குக்கும் மேற்குக்கும் ஈஸ்டர் ஒரே நாளில் வந்ததால் எல்லோருக்கும் நாளைதான்.

பத்து தடவைக்கு மேல் நடத்திய பாடம். பழைய குறிப்பில் "சந்தேகத் தோமா, அவனைப்போல் இருக்கக் கூடாது" என்று எழுதி வைத்திருக்கிறேன். அடித்துவிட்டேன். "அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம்" என்று யோவான் 11-இல் சொன்னதும் இதே தோமாதான். அதற்காக அவனுக்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை. மற்றச் சீஷர்களும் காயங்களைப் பார்த்தபிறகுதான் சந்தோஷப்பட்டார்கள். அவன் கேட்டது அவர்களுக்குக் கிடைத்ததைத்தான்.

இன்று யோவான் 20-இல் 26-ஆம் வசனத்திலேயே நின்றுவிட்டேன். "மறுபடியும் எட்டுநாளைக்குப்பின்பு அவருடைய சீஷர்கள் வீட்டுக்குள்ளே இருந்தார்கள், தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்." இத்தனை வருடம் இதை ஒரு தகவல் போலத் தாண்டிப் போயிருக்கிறேன். பத்துப் பேர் கண்டோம் என்கிறார்கள். ஒருவன் நம்பமாட்டேன் என்கிறான். அந்த வாரம் முழுவதும் அந்த வீட்டில் எப்படி இருந்திருக்கும்? அவர்கள் சந்தோஷத்தில் இருக்கும்போது இவன் ஒரு மூலையில். அப்படியும் அவன் போய்விடவில்லை. அவர்களும் அவனை வெளியே தள்ளவில்லை, நம்பினால்தான் உள்ளே இடம் என்று சொல்லவில்லை. கதவு பூட்டியிருந்தது, அவன் கதவுக்கு உள்பக்கம் இருந்தான். அதனால்தான் ஆண்டவர் வந்தபோது அவன் அங்கே இருந்தான். "என் ஆண்டவரே! என் தேவனே!" என்ற அறிக்கை அந்த வாயிலிருந்துதான் வந்தது.

அந்த எட்டு நாள் தோமாவோடு யார் பேசினார்கள், யார் பக்கத்தில் படுத்தார்கள் என்று யோவான் எழுதவில்லை. யாரோ இருந்திருக்க வேண்டும்.

அப்புறம் மத்தேயு 28:17. மலையின்மேல் உயிர்த்தெழுந்த இயேசுவுக்கு முன் பதினொரு சீஷர்கள். பணிந்துகொண்டார்கள், சிலரோ சந்தேகப்பட்டார்கள். இங்கே வருகிற கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே இடத்தில்தான் வருகிறது, பேதுரு தண்ணீரில் அமிழ்ந்த இடத்தில். இரண்டாகப் பிரிந்து நிற்பது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. நம் பேச்சில் இருமனம். பேதுருவிடம் இயேசு ஏன் சந்தேகப்பட்டாய் என்று கேட்டது உண்மைதான். ஆனால் முதலில் கையை நீட்டிப் பிடித்தார், அப்புறம்தான் கேட்டார். நான் வராண்டாவில் முதலில் கேட்டுவிட்டேன், கையைப் பிடிக்கவேயில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

பிள்ளைகளுக்குத் தோமாவின் பாடம் நன்றாகப் போனது. ஒரு சின்னப் பெண், "டீச்சர், தோமா தொட்டுப் பார்த்தாரா இல்லையா?" என்று கேட்டாள். வேதத்தில் எழுதவில்லை என்றேன். "அப்ப நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அவன் வந்திருந்தான். கடைசி பெஞ்ச்தான். நான் எப்போதும் உட்காரும் மூன்றாவது வரிசையை விட்டுவிட்டுப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். விசுவாசப் பிரமாணத்துக்கு எழுந்தோம். அவன் வாய் அசையவில்லை. நான் சொன்னேன். இரண்டு மூன்று வரியில் எனக்கும் குரல் வரவில்லை, சபை சொல்லிக்கொண்டே போனது.

ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே போனபிறகு பையிலிருந்து நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். அம்மாவின் பெயர், தேதி, "பூரண சுகத்துக்காக" என்று என் கையெழுத்து. எதிரே வெறும் கட்டம். அவன் விரலை அந்தக் கட்டத்தில் வைத்தான். எடுக்க நேரமானது.

"எதுவும் எழுதலியே நீங்க."

"என்ன எழுதுறதுன்னு தெரியல. ஆனா இனிமே இந்தப் பக்கத்தையும் வாசிப்போம்."

தலையாட்டினான். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் கழித்து, "புதுப் பக்கத்துல என் பேர எழுதுங்க டீச்சர்" என்றான்.

பேனாவை எடுத்தேன். "குறிப்பு என்னன்னு போடட்டும்?"

"ஒண்ணும் வேண்டாம். பேர் மட்டும்."

எழுதிவிட்டு, அதற்குக் கீழே என் பெயரையும் எழுதினேன்.