பேக்கரின் இரண்டு மாதிரிகளும் நான் வாங்கிய 7 மதிப்பெண்ணும்

எல்.எல்.எம். முதல் வருடத்தில் ஓர் உள்மதிப்பீட்டுத் தேர்வு. குற்றவியல் நடைமுறையின் இரு மாதிரிகளை விளக்கி ஆராயச் சொல்லி 20 மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி. பார்த்ததும் எனக்கு ஏக சந்தோஷம். நடுவில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் குற்றக் கட்டுப்பாடு, அந்தப் பக்கம் உரிய நடைமுறை என்று பத்து வித்தியாசம் எழுதினேன். கூடுதல் தாள்கூட வாங்கினேன். வந்தது 7. ஓரத்தில் சிவப்பு மையில், "அட்டவணை இருக்கிறது, வாதம் எங்கே?"

அடுத்து செமஸ்டர் தேர்வு வருவதற்குள் இந்தப் பகுதியை மறுபடி முதலிலிருந்து படித்தேன். அப்போது பிடிபட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வருடங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டான்ஃபோர்டு சட்டப் பேராசிரியர் ஹெர்பர்ட் பேக்கர் இந்த இரண்டு மாதிரிகளைக் கட்டுரையாக எழுதியது 1964-ல், புத்தகத்தில் விரித்தது 1968-ல். அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலைமை நீதிபதி வாரன் தலைமையில் போலீஸ் நடைமுறையையே புரட்டிப் போட்ட காலம் அது. சட்டவிரோதமாகத் தேடி எடுத்த சாட்சியம் மாநில நீதிமன்றங்களிலும் செல்லாது என்ற மாப் தீர்ப்பு 1961-ல் வந்தது. கிடியன் தீர்ப்பு 1963, மிராண்டா தீர்ப்பு 1966. வழக்கமான நோட்ஸ்களில் இந்தப் பின்னணி இருக்காது. இது இல்லாமல் படித்தால் பேக்கர் ஏதோ அந்தரத்தில் உட்கார்ந்து கோட்பாடு செய்தவர் போலத் தெரிவார். அவர் எழுதும்போது சண்டை வெளியே நடந்துகொண்டிருந்தது.

வழக்குகளில் இரண்டை ஜோடியாக வைத்துக்கொண்டால் போதும். புளோரிடாவில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்துத் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்ட கிளாரன்ஸ் கிடியனுக்கு வக்கீல் வைக்கப் பணமில்லை. கேட்டார், நீதிமன்றம் தரவில்லை. 5 வருடம் சிறை. சிறையிலிருந்து பென்சிலால் எழுதி அனுப்பிய மனுவில்தான், பணமில்லாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்ற 1963 தீர்ப்பு வந்தது. மறுவிசாரணையில் வக்கீல் இருந்தார், விடுதலை ஆனார். மிராண்டா கதை வேறு. உரிமைகளைச் சொல்லாமல் போலீஸ் வாங்கிய வாக்குமூலம் தள்ளப்பட்டது, ஆனால் 1967-ல் மறுவிசாரணையில் அந்த வாக்குமூலம் இல்லாமலே மறுபடி தண்டிக்கப்பட்டார். உரிய நடைமுறை என்றால் குற்றவாளியைத் தப்ப விடுவது என்று நினைப்பவருக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பதில்.

சரி, மாதிரிகளுக்கு வருவோம். குற்றக் கட்டுப்பாட்டைத் தொழிற்சாலையின் அசெம்பிளி லைன் என்றும், உரிய நடைமுறையைத் தடை ஓட்டம் என்றும் பேக்கர் சொன்னது எல்லோருக்கும் தெரியும். எனக்கு உதவியது வேறு ஒரு கேள்வி: எந்தத் தவறுக்கு இந்த மாதிரி அதிகம் பயப்படுகிறது? குற்றவாளி தப்பிவிடுவானோ என்பது முதல் மாதிரியின் பயம். அதனால் வேகம் வேண்டும், போலீஸ் கட்டத்திலேயே வடிகட்ட வேண்டும், முடிந்தது முடிந்ததாக இருக்க வேண்டும். அதிகாரத்தில் இருப்பவன் தவறு செய்வானோ என்பது இரண்டாவதின் பயம். அதனால் போலீஸ் சொல்வதை அப்படியே நம்பாது, ஒவ்வொரு கட்டத்திலும் கேள்வி கேட்கும், மேல்முறையீட்டுக் கதவைத் திறந்தே வைக்கும். அட்டவணையின் பத்து வரியையும் இந்த ஒரு கேள்வியிலிருந்தே வரவழைக்கலாம்.

பெரும்பாலோர் வழுக்கும் இடம், குற்றக் கட்டுப்பாட்டு மாதிரியில் வரும் குற்றவாளி என்ற அனுமானம். நிரபராதி என்ற அனுமானத்துக்கு இது எதிர்ப்பதம் என்று எழுதினால் மதிப்பெண் போச்சு. நகைக்கடையில் ஒருவன் திருடுவது கேமராவில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இவன் தண்டிக்கப்படுவான் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். அது முடிவைப் பற்றிய கணிப்பு. அப்படியிருந்தும் நீதிமன்றம் அவனை நிரபராதியாகவே நடத்த வேண்டும். அது அதிகாரிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கான கட்டளை. ஒன்று கணிப்பு, மற்றது கட்டளை. எதிரும் புதிருமாக நிற்கும் விஷயமே இல்லை. உண்மையில் செய்தானா என்பதும், சட்டப்படி குற்றவாளி என்று தீர்மானிக்க முடியுமா என்பதும் வேறு வேறு என்ற பேச்சு இதிலிருந்துதான் கிளம்புகிறது. அவனே செய்திருந்தாலும் காலவரம்பு கடந்துவிட்டால், நீதிமன்றத்துக்கு அதிகார வரம்பு இல்லையென்றால், சட்டப்படி அவன் குற்றவாளி இல்லை.

நான் செய்த இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். கோவலனை மன்னன் கொன்றது குற்றக் கட்டுப்பாட்டு மாதிரிக்கு உதாரணம் என்று எழுதியிருந்தேன். என்கவுன்டரையும் அதே பத்தியில் சேர்த்திருந்தேன். இரண்டும் தப்பு. இரண்டு மாதிரிக்கும் பொதுவான தளம் ஒன்று உண்டு என்று பேக்கர் முதலிலேயே சொல்லிவிடுகிறார்: குற்றம் எது என்று சட்டம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், அரசின் அதிகாரத்துக்கு எல்லை வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவன் கேட்டால் சுதந்திரமான ஒருவர் முன் தன் வழக்கை வைக்க முடிய வேண்டும். 2019-ல் ஹைதராபாத் அருகே பாலியல் வன்கொலை வழக்கில் கைதான நால்வர் என்கவுன்டரில் சுட்டுக் கொல்லப்பட்டபோது போலீஸ் மீது பூத் தூவினார்கள். கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையம் பிறகு சொன்னது. அது அசெம்பிளி லைனே இல்லை, தொழிற்சாலைக்கு வெளியே நடந்தது. கோவலன் கதையில் இன்னொன்றும் உறுத்துகிறது. சிலம்பை உடைத்து மாணிக்கத்தைக் காட்டி, அவன் திருடவில்லை என்றுதான் கண்ணகி நிரூபிக்கிறாள். விசாரணையே நடக்கவில்லையே என்பது அங்கே இரண்டாம் பட்சமாகிவிடுகிறது. அவன் நிஜமாகவே திருடியிருந்தால்?

பின்னணிக் கோட்பாடுகளைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. குற்றக் கட்டுப்பாடு என்றால் பழிக்குப் பழி என்று முடிச்சுப் போடாதீர்கள். அதன் வேர், விளைவின் பயனை வைத்து எடை போடும் பயன்வாதத்தில் இருக்கிறது: கடுமையைவிட, தண்டனை நிச்சயம் என்பதே குற்றத்தைத் தடுக்கும் என்ற பெக்காரியா, பெந்தாம் வழி. செய்த குற்றத்துக்குத் தகுந்த தண்டனையே நியாயம் என்னும் தகுந்த தண்டனைவாதியோ நிரபராதியைத் தொடக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருப்பவர்; அந்தப் பக்கத்துத் தத்துவவாதி கான்ட் வழியில் போனால் உரிய நடைமுறைக்குத்தான் பக்கத்தில் போய் நிற்போம்.

நம் ஊர் உதாரணம் இல்லாமல் எழுதினால் விடை வறண்டுவிடும். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பது 1872 சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு. இப்போது 2023 சட்டத்தில் 23-ஆவது பிரிவு. தன் போலீஸைத் தானே நம்பாத காலனிய அரசு போட்ட பூட்டு இது என்பதை நினைத்தால் வேடிக்கைதான். பயங்கரவாதத் தடுப்புச் சட்டமாக இருந்த தடாவின் 15-ஆவது பிரிவு அந்தப் பூட்டைத் திறந்தது: எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்த வாக்குமூலம் செல்லும் என்றது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998-ல் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999-ல் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. தடா குற்றங்களே நிரூபணமாகவில்லை என்று சொன்ன அதே தீர்ப்பு, தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலங்களை மற்ற குற்றங்களுக்குப் பயன்படுத்தலாம் என்றும் சொன்னது. ஒரே தீர்ப்புக்குள் இரண்டு மாதிரியும் உட்கார்ந்திருக்கின்றன. பேரறிவாளன் வாக்குமூலத்தில் அவர் சொன்னதை முழுதாக எழுதவில்லை என்று அதைப் பதிவு செய்த அதிகாரியே 2013-ல் சொன்னார். போலீஸ் கட்டத்து வடிகட்டலை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. குற்றவியல் நீதிச் சீர்திருத்தத்துக்காக அமைத்த மலிமத் குழு 2003-ல் இதே கதவைப் பொதுச் சட்டத்திலும் திறக்கப் பரிந்துரைத்தது. அதை ஒரு வரியில் சேர்த்தால் போதும்.

விமர்சகர்களில் எல்லோரையும் அடுக்க வேண்டாம். ஜான் கிரிஃபித்ஸ் (1970) கட்டாயம். பேக்கரின் இரண்டுமே அரசும் தனிமனிதனும் மோதும் போர்க்களம்தான், உண்மையில் ஒரே மாதிரி என்றார் அவர். பதிலுக்குக் குடும்ப மாதிரியை வைத்தார்: பிள்ளையைத் தண்டித்தாலும் வீட்டை விட்டுத் துரத்துவதில்லையே. நமது சிறார் நீதிச் சட்டம் இதற்கு அழகாகப் பொருந்தும். 2012 டெல்லி சம்பவத்துக்குப் பிறகு வந்த 2015 சட்டத்தில், கொடுங்குற்றம் செய்த 16 முதல் 18 வயதுள்ளவரைப் பெரியவர் போல விசாரிக்க வழி திறந்ததையும் எழுதினால், குடும்பம் எங்கே முடிகிறது என்று ஒரு வாதம் தானாகக் கிடைக்கும். அப்புறம் டோரீன் மெக்பார்னெட். சட்டத்திலேயே விதிவிலக்குகள் அவ்வளவு இருக்கும்போது உரிய நடைமுறையே குற்றக் கட்டுப்பாட்டுக்குத்தான் சேவை செய்கிறது என்பது அவர் வாதம். மைக்கேல் கிங்கின் ஆறு மாதிரிகளையும் கென்ட் ரோச்சின் பாதிக்கப்பட்டோர் மாதிரிகளையும் பெயர் சொல்லிக் கடந்துவிடலாம். நேரம் இருந்தால் பிளீ பார்கெயினிங், அதாவது குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் பேரம்: அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் 97 சதவீதத் தண்டனைகள் குற்றத்தை ஒப்புக்கொள்வதால் வருபவை என்று 2012-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது. நாம் 2006-ல் இதைக் கொண்டுவந்தோம்.

செமஸ்டர் தேர்வில் கேள்வி கொஞ்சம் மாறி வந்தது: இந்திய நடைமுறை எந்த மாதிரியைச் சேர்ந்தது? 35 நிமிடம் ஒதுக்கினேன். கோடு கிழிக்கவில்லை. கேள்வியே தவறு என்று ஆரம்பித்து, 25-ஆவது பிரிவையும் தடாவின் 15-ஆவது பிரிவையும் எதிரெதிரே நிறுத்தினேன். மெக்பார்னெட்டுக்கு வரும்போது மணி அடித்துவிட்டது.