பகலில் விழும் உறக்கம்

ஜூன் 3, 2024, திங்கள்

"சிரிக்கும்போது உடம்பில் ஏதாவது நடக்கிறதா?"

மதுரையில் இன்று பார்த்த நரம்பியல் மருத்துவர் இப்படிக் கேட்டதும் அழுதுவிட்டேன். இத்தனை ஆண்டுகளில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

நடக்கிறது. தம்பி வேடிக்கையாக ஏதாவது சொன்னால் முதலில் தாடை தளரும், நாக்குக் குழறும், பிறகு முழங்கால்கள் மடங்கிவிடும். கீழே கிடக்கும்போது சுற்றிலும் பேசுவது எல்லாம் காதில் விழும். விரலைக்கூட அசைக்க முடியாது. சிறிது நேரத்தில் நானே எழுந்துவிடுவேன். பதினோராம் வகுப்பில் தொடங்கியது இது. வலிப்பு என்று சொல்லி ஒரு மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள். விழுவது நிற்கவில்லை. பிறகு இன்னொருவர் மூளை அலைப் பதிவு சரியாக இருக்கிறது என்று அந்த மாத்திரையை நிறுத்தினார். ஆனால் பகல் தூக்கத்தைப் பற்றி எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: சோம்பல். இரத்தம் குறைவு என்று பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் தின்றதுதான் மிச்சம்.

மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்தார். படிக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, மதிய உணவுக்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போது என்று எட்டுச் சூழல்கள். ஒவ்வொன்றிலும் தூங்கிப்போக எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண். பத்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம். எனக்கு 20 வந்தது. நார்கோலெப்சியாக, அதாவது பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும் நரம்பு நோயாக இருக்கலாம், சோதித்துத்தான் உறுதி சொல்ல முடியும் என்றார். அதுவரை ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது.

ஜூன் 9, ஞாயிறு

நான் பாடம் நடத்தும் பள்ளி நாளை திறக்கிறது. எந்நேரம் படுத்தேன், எப்போது விழித்தேன் என்று தினமும் எழுதி வருகிறேன். சோதனைக்கு முன் இரண்டு வாரமாவது இந்தக் கணக்கு வேண்டும். முந்தைய நாட்களில் தூக்கம் குறைந்திருந்தால் முடிவு தவறாகிவிடும் என்பதால் இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

ஆச்சியிடம் மருத்துவர் சொன்னதை விளக்கினேன். விடியற்காலையில் விழித்தும் அசைய முடியாமல், நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் நான் அலறத் துடித்த நாட்களில், அமுக்குவான் பேய் என்று தலையணைக்கு அடியில் இரும்புச் சாவியை வைத்தவள் அவள். கனவு காணும் உறக்கத்தில், கனவில் ஓடுவதை நாம் நிஜமாகவே ஓடிவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. விழித்த பிறகும் அந்தத் தளர்ச்சி நீடித்தால் அமுக்கம். விழித்திருக்கும்போதே சிரிப்பின் நடுவில் வந்துவிட்டால் நான் விழுவது. இரண்டும் ஒரே வேர். ஆச்சி கவனமாகக் கேட்டுவிட்டு, "சாவி இருந்துவிட்டுப் போகட்டும்" என்றாள். இருக்கட்டும். எனக்காக விழித்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

ஜூன் 21, வெள்ளி, இரவு

தூக்கச் சோதனைக்கு மருத்துவமனைக்கு வந்திருக்கிறேன். தலையில் எண்ணெய் கூடாது, பூ கூடாது, காலையிலிருந்து காபியும் டீயும் கூடாது. உச்சந்தலை, கண் ஓரம், மோவாய், கால் என்று எங்கும் பசை வைத்து ஒயர்களை ஒட்டியிருக்கிறார்கள். நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, மூக்கில் குழாய், விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப். மூச்சுத் தடைபட்டுத் தூக்கம் கெடுகிறதா என்பதை இன்றிரவு பார்ப்பார்கள். அம்மா அறைக்கு வெளியே பெஞ்சில் இருக்கிறாள்.

ஜூன் 22, சனி

உண்மையான சோதனை இன்று பகலில்தான். விழித்துச் சிறிது நேரம் கழித்து முதல் தூக்கம், பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக மொத்தம் ஐந்து. ஒவ்வொரு முறையும் விளக்கை அணைத்து, "தூங்க முயலுங்கள்" என்கிறார்கள். இருபது நிமிடத்துக்குள் தூங்கவில்லை என்றால் முடித்துவிடுவார்கள். தூங்கிவிட்டால் அதிலிருந்து பதினைந்து நிமிடம் விட்டுவைத்து எழுப்புவார்கள்.

மற்றவர்களுக்குப் பகலில், புது இடத்தில், ஒயர்களோடு தூங்குவது கடினமாக இருக்கும். எனக்கு விளக்கு அணைந்தது நினைவிருக்கிறது, அதற்குமேல் இல்லை. கடினமாக இருந்தது இடைவேளைகள்தான். அப்போது கண் மூடக் கூடாது. இளம் டெக்னீஷியன் பெண் ஒருத்தி என்னை வராந்தாவில் நடக்க வைத்தாள், பள்ளிக் கதைகள் கேட்டாள், தலை சாய்ந்தபோதெல்லாம் "டீச்சர், டீச்சர்" என்று தோளைத் தட்டினாள். நான்காவது தூக்கத்துக்கு முன் நின்றபடியே உறங்கப் பார்த்தேன். தன் சாப்பாட்டை ஒத்திவைத்துவிட்டு அவள் என்னோடு நடந்தாள்.

ஒவ்வொரு முறை எழுப்பியதும் "கனவு வந்ததா?" என்று கேட்டாள். ஐந்தில் நான்கில் வந்திருந்தது. ஒன்றில் தாமிரபரணிப் படித்துறையில் வகுப்புப் பிள்ளைகளோடு நின்றிருந்தேன்.

ஜூலை 1, திங்கள்

அறிக்கை வந்துவிட்டது. மூச்சுத் தடை இல்லை. பகலில் தூங்க நான் எடுத்துக்கொண்ட சராசரி நேரம் 2.8 நிமிடம், எட்டு அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் நோயின் அறிகுறி. சாதாரணமாகத் தூங்கத் தொடங்கி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கழித்து வரும் கனவு உறக்கம், எனக்கு நான்கு தூக்கங்களில் பதினைந்து நிமிடத்துக்குள் வந்திருக்கிறது. இரண்டு முறை வந்தாலே போதுமாம். நார்கோலெப்சி, முதல் வகை: சிரிப்பில் விழுவதும் சேர்ந்து வருவது.

இந்தப் பெயரை 1880இல் ஜெலினோ என்ற பிரெஞ்சு மருத்துவர் வைத்தார். காரணம் புரிய இன்னும் நூறு ஆண்டுகளுக்குமேல் ஆகியிருக்கிறது. மூளையின் ஆழத்தில் உள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் சில பத்தாயிரம் நரம்பணுக்கள் ஒரெக்சின் என்ற பொருளைச் சுரந்து மூளையை விழிப்பில் நிறுத்தி வைக்கின்றன. 1998இல்தான் இரண்டு குழுக்கள் தனித்தனியே அதைக் கண்டுபிடித்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பிறவியிலேயே இந்த நோய் உள்ள டாபர்மேன் நாய்களை வளர்த்து ஆராய்ந்தார்கள். பிடித்த உணவைக் கண்டதும் மகிழ்ச்சியில் கால் மடங்கி விழும் நாய்கள் அவை. ஒரெக்சினை ஏற்கும் மரபணுவில் அவற்றுக்குப் பழுது என்பது 1999இல் தெரிந்தது. மனிதர்களில் அந்த நரம்பணுக்களே பெரும்பாலும் அழிந்துபோயிருக்கின்றன என்று அடுத்த ஆண்டில் கண்டார்கள். உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே அவற்றைத் தாக்கியிருக்க வேண்டும் என்பதுதான் பலருடைய கருத்து.

மகிழ்ச்சியில் விழும் நாய்கள் என்று படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். விழுந்துவிடுவோம் என்று பயந்து வகுப்பில் சிரிப்பதையே விட்டவள் நான். கண்டிப்பான டீச்சர் என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

ஜூலை 5, வெள்ளி

காலையில் விழித்திருக்க உதவும் மோடஃபினில் 100 மில்லிகிராம். விழுவதைத் தடுக்க வெண்லாஃபாக்சின், குறைந்த அளவில். குணமாக்கும் மருந்து இல்லை, கட்டுக்குள் வைக்கும் மருந்து. தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு வர வேண்டும். வெண்லாஃபாக்சினை மட்டும் திடீரென்று நிறுத்தக் கூடாது, விழுவது முன்பைவிட மோசமாகத் திரும்பும். கருத்தடை மாத்திரையின் வேலையை மோடஃபினில் குறைத்துவிடும் என்பதையும், குழந்தைக்குத் திட்டமிடும்போது முன்கூட்டியே வர வேண்டும் என்பதையும் அம்மாவை வைத்துக்கொண்டே சொன்னார். அப்படிச் சொன்னது நல்லது.

ஜூலை 19, வெள்ளி

முதல் நாட்களில் தலைவலி, பசியின்மை. தண்ணீர் நிறையக் குடித்ததில் குறைந்தது. இப்போது அளவு 200. மதியம் இருபது நிமிடம் படுக்க வேண்டும் என்ற மருத்துவக் கடிதத்தைத் தலைமையாசிரியையிடம் கொடுத்தேன். நூலகத்தின் சாவியைத் தந்துவிட்டு, யாரும் கதவைத் தட்டாமல் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மதியச் சோற்றைப் பாதியாக்கிவிட்டேன். வயிறு நிறையச் சோறு சாப்பிட்ட நாளில் மாத்திரையும் தோற்கிறது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வியாழக்கிழமை நான்காம் வகுப்பில் ஒரு பையன் விடுகதை போட்டான். விடையை அவனே மறந்துவிட்டு விழித்த விழிப்பில் வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். தாடை லேசாகத் தளர்ந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டேன், கால்கள் நின்றன. இன்னொரு விடுகதை போடச் சொன்னேன்.

பகல் தூக்கம் முழுவதும் போகவில்லை. நான்கு மணிக்குமேல் கண் இழுக்கிறது. ஸ்கூட்டரைப் பற்றி அடுத்த முறை பேசலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், அதுவரை பஸ்தான்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. மறைத்துவிடலாம் என்று பெரியப்பா வீட்டில் சொன்னார்கள். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அறிக்கையின் நகலை அவளே எடுத்துப் போய்க் கொடுத்தாள். பிள்ளைகளுக்கு வருமா என்று பையனின் தாய் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நெருங்கிய இரத்த உறவில் வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று அல்லது இரண்டுதான் என்று மருத்துவர் சொன்னதை அம்மா அப்படியே சொல்லியிருக்கிறாள். அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. எப்படி வந்தாலும் அடுத்த வரனுக்கும் இதே அறிக்கைதான் போகும் என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டாள்.