புரூக்லண்ட்ஸ்: கான்கிரீட் சரிவில் ஒரு நடை

லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து வெய்பிரிட்ஜுக்கு ரயிலில் அரை மணிக்குச் சற்று மேலே ஆகும். அங்கிருந்து, பழைய கார் பந்தய ஓட்டப்பாதை இருந்த இடத்தில் அமைந்த புரூக்லண்ட்ஸ் அருங்காட்சியகத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிட நடை. சீட்டை முன்பதிவு செய்துகொண்டு, திறந்தவுடன் உள்ளே போய்விடுங்கள். கான்கார்டு விமானத்துக்குள் ஏறத் தனிச் சீட்டு வேண்டும். வருகிறவர்களில் பாதிப்பேர் நேராக அதை நோக்கித்தான் ஓடுவார்கள். அதை மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம். காலை வெயில் இருக்கும்போதே, ஓட்டப்பாதையின் வளைவில் சாய்வாக எழும் மெம்பர்ஸ் சரிவுக்கு நடந்துவிடுங்கள். ரப்பர் அடி போட்ட காலணி அவசியம். மழை பெய்து ஓய்ந்த நாளாக இருந்தால் பாசி படிந்த கான்கிரீட் வழுக்கும், ஏற வேண்டாம்.

சரிவின் அடியில் நிற்கும்போது இது சாலையா, சுவரா என்று ஒரு கணம் குழம்பும். ஓட்டப்பாதையின் அகலம் 100 அடி, வெளி விளிம்பின் உயரம் கிட்டத்தட்ட 29 அடி. வாணலியின் பக்கம்போல வளைந்து எழுகிறது. அடியில் ஏறக்குறைய சமதளம், மேலே போகப்போகச் செங்குத்து. முதல் பத்துத் தப்படி சுலபம். பாதிக்கு மேல் கணுக்கால் இழுக்கும், கையை ஊன்றத் தோன்றும். மெதுவாகப் போகும் வண்டி கீழேயும் வேகமான வண்டி மேலேயும் ஓட வேண்டும் என்பதுதான் இந்த அமைப்பின் கணக்கு. பாதையின் நடுவே புள்ளிக் கோடாக ஒரு கறுப்புக் கோடு போட்டிருந்தார்கள். அதற்கு ஐம்பது அடிக் கோடு என்று பெயர். அதன் மேலேயே ஓட்டினால் ஸ்டியரிங்கைத் திருப்பாமலே வளைவைக் கடந்துவிடலாம் என்பது அன்றைய கணிப்பு.

இனி குனிந்து தரையைப் பாருங்கள். பலகை பலகையாக வார்த்த கான்கிரீட், நடுவே இணைப்புக் கோடுகள், தேய்ந்துபோன பரப்பில் துருத்தி நிற்கும் சரளைக்கல், வேறு நிறத்தில் ஒட்டுப்போட்ட இடங்கள். இந்த டிராக்கின் கதை முழுக்க அந்த ஒட்டுகளில்தான் இருக்கிறது. இவ்வளவு சாய்வில் தார்ச்சாலை போடுவது அன்று பெரிய சிக்கல், அஸ்பால்ட் என்றால் கட்டுப்படியாகாத செலவு. ஆகவே மேற்பூச்சு இல்லாத வெறும் கான்கிரீட்டைப் போட்டார்கள். அடியில் மண் ஒரே சீராக அமரவில்லை. ஓரிடம் இறங்கியது, பக்கத்து இடம் அப்படியே நின்றது. குளிர்காலம்தோறும் டிராக்கை மூடிப் பழுது பார்த்தும் மேடுபள்ளம் தீரவே இல்லை.

இதைக் கட்டியவர் இந்த நிலத்தின் சொந்தக்காரர் ஹியூ லாக் கிங். அப்போது பிரிட்டனில் பொதுச்சாலையில் மணிக்கு 20 மைலுக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். அதனால் பிரிட்டிஷ் கார்களை வேகமாக ஓட்டிச் சோதிக்க நாட்டில் இடமே இல்லை. ராணுவ அதிகாரியான கர்னல் ஹோல்டன் வடிவமைக்க, 1906 கடைசியில் வேலை தொடங்கி, 1907 ஜூன் 17 அன்று திறந்துவிட்டார்கள். செலவு சுமார் ஒன்றரை லட்சம் பவுண்டு. அந்தச் சுமையில் லாக் கிங் உடல்நலம் கெட்டுப் படுத்தபோது, வேலை நிற்காமல் முடித்துக் காட்டியவர் அவர் மனைவி ஈத்தல். திறப்பு நாள் ஊர்வலத்திலும் அவர் கார்தான் முன்னே சென்றது. கட்டியவர்கள் வரிசையில் அவர் பெயரைக் கணவருக்குச் சமமாகச் சொல்ல வேண்டும்.

வெளிச்சுற்று சுமார் 2.75 மைல், அதாவது 4.4 கிலோமீட்டர். வடிவம் முட்டைபோல ஒருபுறம் அகன்றது. ஓட்டம் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில். திறந்த சில நாட்களிலேயே எஸ்.எஃப். எட்ஜ் என்ற ஓட்டுநர் நேப்பியர் காரில் 24 மணி நேரம் ஓட்டி 1,581 மைல் கடந்தார். இரவில் வழி தெரிய ஓட்டப்பாதை நெடுகச் சிவப்பு விளக்குகள் வைத்தார்கள். சுற்றுவட்டாரத்தில் குடியிருந்தவர்கள் தூக்கம் கெட்டு வழக்குப் போட்டார்கள், இரவு ஓட்டம் நின்றது. பிற்பாடு இங்கே 24 மணி நேரப் பந்தயம் வைக்க ஆசைப்பட்டவர்கள், பகலில் 12 மணி நேரம் ஓட்டி, கார்களை இரவெல்லாம் பூட்டிவைத்து, மறுநாள் இன்னொரு 12 மணி நேரம் ஓட்ட வேண்டியிருந்தது. 1929 முதல் 1931 வரை நடந்த 'டபுள் டுவெல்வ்' பந்தயத்தின் பெயர்க்காரணம் அதுதான். 1920-களில் சைலன்சரும் கட்டாயமாயிற்று. மீன்வால்போலத் தட்டையாக விரிந்த புகைக்குழாய் முனையை அருங்காட்சியகக் கார்களில் தேடிப் பாருங்கள்.

1913 பிப்ரவரி 15 அன்று பெர்சி லாம்பர்ட் என்ற ஓட்டுநர் டால்பட் காரில் ஒரு மணி நேரத்துக்குள் 100 மைலைத் தாண்டினார். உலகில் அதைச் செய்த முதல் ஆள் அவர். அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று இதே டிராக்கில் டயர் வெடித்து இறந்தார். சரிவின் மேல்மட்டத்தில் முழு வேகத்தில் போகும்போது பின்டயர் போய்விட்டால், வண்டியைத் திருப்பிப் பிடிக்க அந்தச் சாய்வு இடம் கொடுக்காது.

அருங்காட்சியகக் கொட்டகையில் நிற்கும் நேப்பியர்-ரெயில்டன் பந்தயக் காருக்கு அரை மணி ஒதுக்குங்கள். விமானத்துக்காகச் செய்த 24 லிட்டர் எஞ்சின், மூன்று வரிசையில் 12 சிலிண்டர்கள். முன்சக்கரங்களுக்குப் பிரேக் கிடையாது, குனிந்து பார்த்தால் தெரியும். சுற்றோட்டத்துக்கென்றே கட்டிய வண்டிக்குப் பின்பிரேக் போதும் என்று விட்டுவிட்டார்கள். 1935 அக்டோபர் 7 அன்று ஜான் காப் என்ற ஓட்டுநர் இதில் ஒரு சுற்றை மணிக்கு 143.44 மைல் வேகத்தில் முடித்தார். அது கடைசிவரை முறியாத சாதனை. அதே ஆண்டு, ஐந்தடி உயரம்கூட இல்லாத பெண் ஓட்டுநர் கே பெட்ரீ பத்தரை லிட்டர் டெலாஜ் காரை 134.75 மைல் வேகத்தில் ஓட்டினார். பெடல் எட்டுவதற்குக் கட்டை வைத்துக்கொண்டார்.

பக்கத்திலேயே 1909-இல் கட்டிய சோதனை மேடு. நீளம் 352 அடி. தொடக்கத்தில் எட்டுக்கு ஒன்று (எட்டடிக்கு ஓரடி உயர்வு), நடுவில் ஐந்துக்கு ஒன்று, உச்சியில் நான்குக்கு ஒன்று என்று ஏற்றம் கூடுகிறது. கம்பெனிகள் புதுக் கார்களின் ஏறும் திறனையும் பிரேக்கையும் இங்கே பார்த்துக்கொண்டன. மேலே ஏறி நின்றால் இடத்தின் அமைப்பு ஒரு பார்வையில் பிடிபடும்.

1939 ஆகஸ்டோடு பந்தயம் முடிந்தது. போர் வந்ததும் வளாகம் முழுக்க விமான உற்பத்திக்குப் போனது. இங்கிருந்த விக்கர்ஸ் விமானத் தொழிற்சாலைமீது 1940 செப்டம்பர் 4 அன்று விழுந்த குண்டுகளில் 80-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். போருக்குப் பின் விக்கர்ஸ் நிறுவனமே நிலத்தை வாங்கியது. பெரிய விமானங்கள் எழும்ப வழிவிட, தெற்கே இருந்த இன்னொரு சரிவான பைஃப்லீட் சரிவை ஓரிடத்தில் வெட்டினார்கள். அந்தச் சரிவின் மிச்சம் இன்று பெரிய கடைகளுக்குப் பின்னால் மரங்களோடு நிற்கிறது. காரில் வந்தவர்கள் திரும்பும் வழியில் பார்த்துவிடலாம்.

மெம்பர்ஸ் சரிவு முடிந்து, ரயில் பாதையை ஒட்டிய நேர்ப்பகுதியான ரயில்வே நேர்ப்பாதைக்கு இறங்குமிடத்தில் வெய் ஆறு குறுக்கிட்டது. கம்பி கட்டிய கான்கிரீட் பாலத்தின் மேல் டிராக் போனது. அங்கே தளம் சீராக அமராமல் உண்டான மேடுதான் ஓட்டுநர்கள் எல்லாருக்கும் தெரிந்த அந்தப் பெரிய துள்ளல். காப்பின் வண்டி நான்கு சக்கரமும் தரையை விட்டு எழும்பிய இடம் அது. கொட்டகையில் இருக்கும் படங்களில் சக்கரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பாலம் இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். படத்தைப் பார்த்த பிறகு சரிவுக்கு இன்னொரு முறை போய், அந்தத் திசையைப் பார்த்து நின்றுவிட்டு, அதன்பின் கான்கார்டுக்குப் போங்கள்.