அம்மம்மாவின் புது முழங்கால்

இன்று காலை அம்மம்மா ஊன்றுகோல் இல்லாமல் கிணற்றடி வரைக்கும் நடந்து போனார். முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை முடிந்து மூன்று மாதம்.

"உள்ளுக்குக் கிடக்கிற இரும்புக்கு ஆர் எண்ணெய் விடுறது?" என்று கேட்டார்.

உங்கட உடம்புதான், அம்மம்மா. மூட்டைச் சுற்றித் திரும்ப உருவாகும் சவ்வு ஒரு திரவத்தைச் சுரக்கிறது. அதிலுள்ள அல்புமின், குளோபுலின் புரதங்கள் செயற்கை மூட்டின் உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகின்றன. உரசலின் ஒரு பங்கை அதுதான் தாங்குகிறது. ஆய்வுகூடத்தில் செயற்கை மூட்டுகளை லட்சக்கணக்கான தடவை அசைத்துச் சோதிக்கும்போதும் வெறும் தண்ணீர் ஊற்றுவதில்லை. இதே வகைப் புரதங்கள் உள்ள, கன்றுக்குட்டியின் இரத்தச் சீரத்தை (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை) ஐதாக்கித்தான் ஊற்றுகிறார்கள். புரதம் இல்லாவிட்டால் தேய்கிற விதமே மாறிவிடும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முழங்காலை மெதுவாகத் தடவினார்.

"அப்ப இந்த முறை நல்லூர்த் தேருக்கு நடந்தே வாறன்."