பெயர் அழிந்த கார்னெட்டும் ஒரு முயல் முத்திரையும்

சில ஆண்டுகளுக்கு முன்பு பழைய சாமான் கடை ஒன்றில் கார்னெட் என்ற பித்தளை ஊதுகருவி ஒன்றை வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்ததும், குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளியும் சாம்பலும் போட்டு அழுந்தத் தேய்த்தேன். நாகசுரத்தில் அணசு என்கிறோமே, அதைப் போல விரிந்த அதன் வாய்ப்பகுதியில், செய்தவர் பெயர் மெல்லிய கீறல் எழுத்துகளில் இருந்தது. ஏற்கெனவே பாதி மங்கியிருந்த அந்தப் பெயர் என் கைவண்ணத்தில் அடியோடு போயிற்று. பழைய பித்தளைக் கருவியின் வயதுக்கும் மதிப்புக்கும் முதல் சாட்சி அந்த எழுத்துகள்தாம் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த உறுத்தலில் இக்கருவிகளைச் செய்தவர்களைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கிய நான் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் போய் நின்றேன்.

16ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பிய அரண்மனைகளுக்கும் தேவாலயங்களுக்கும் டிரம்பெட், டிராம்போன் ஆகிய பித்தளை ஊதுகருவிகளைச் செய்து அனுப்பியதில் அந்நகரத்துக்கு நிகரில்லை. எராஸ்மஸ் ஷ்னிட்ஸர் 1551இல் அங்கே செய்த டிராம்போன் இன்றும் இருக்கிறது. இந்தத் தொழில் சில குடும்பங்களின் கையில் இருந்தது. அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது ஹாஸ் குடும்பம். அவர்களுடைய முத்திரை பாயும் முயல். ஜெர்மன் மொழியில் முயலுக்குரிய சொல்லும் அவர்கள் பெயரும் ஒலியில் நெருங்கியவை. 1649இல் பிறந்த யோஹான் வில்ஹெல்முக்குப் பின் மகனும் பேரனும் அதே பட்டறையை நடத்தி, அவர் பெயரையே தொடர்ந்து பொறித்து வந்தார்கள். ஆகவே பெயரை மட்டும் படித்து ஒரு டிரம்பெட் தாத்தா செய்ததா, பேரன் செய்ததா என்று சொல்லிவிட முடியாது; முயலின் வடிவில் உள்ள சிறு வேறுபாடுகளையும் வேலைப்பாட்டையும் ஒப்பிட்டுத்தான் பிரித்தறிகிறார்கள். கடைப்பெயருக்கு இருந்த மதிப்புக்காகச் சொந்தப் பெயரை விட்டுக்கொடுத்த அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்குச் சற்று வருத்தமாகவே இருக்கும்.

விரலால் அழுத்தும் வால்வு இல்லாத அந்தக் கால டிரம்பெட் ஏறத்தாழ 7 அடி நீளமுள்ள குழாய். அதை இருமுறை மடக்கிக் கையில் பிடிக்கும்படி ஆக்கியிருப்பார்கள். பித்தளைத் தகட்டை வெட்டி, இரும்புக் கோலின்மேல் சுற்றித் தட்டி, ஓரங்களைச் சேர்த்துப் பற்றாசு வைத்து நெருப்பில் ஒட்டுவார்கள். விரிந்த வாய்க்குரிய தகட்டின் ஓரத்தைப் பற்கள் போல் வெட்டி, மறு ஓரத்தை அவற்றுக்கிடையே செருகி ஒட்டிய பின், பல் தடம் தெரியாதபடி சுத்தியலால் தட்டிச் சமன் செய்வார்கள். வளைக்கும்போது குழாய் நசுங்காமல் இருக்க, உள்ளே காரீயத்தை உருக்கி ஊற்றி, வளைத்த பின் மறுபடி உருக்கி வெளியேற்றுவார்கள். வியப்பான செய்தி என்னவென்றால், குழாய்கள் ஒன்றோடொன்று செருகும் இடங்களைப் பெரும்பாலும் நிரந்தரமாக ஒட்டாமல், தேன்மெழுகு பூசிக் கயிற்றால் இறுக்கி விட்டுவிடுவார்கள். அடிபட்டால் கழற்றித் தட்டிச் சரிசெய்யலாம் அல்லவா? வாயின் விளிம்பைச் சுற்றி ஒரு பட்டையை மடித்துப் பொருத்தி, இன்னார் நியூரம்பெர்க்கில் செய்தது என்று அதில்தான் பொறித்தார்கள்.

பிறகு வால்வு வந்தது. ஹைன்ரிஷ் ஸ்டோல்ட்ஸெல், ஃபிரீட்ரிஷ் ப்ளூமெல் ஆகிய இருவரும் 1818இல் பிரஷ்யாவில் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். என் கார்னெட்டில் உள்ள வகையைப் பாரிஸில் பெரினே என்பவர் 1830களின் இறுதியில் உருவாக்கினார். விரலை அழுத்தினாலே குழாயின் நீளம் மாறி எல்லாச் சுரங்களும் கிடைத்துவிட்டபோது, உதட்டின் வலிமையாலேயே சுரம் பிடித்தவர்களின் கருவிகளுக்கு வேலை குறைந்தது.

சென்ற வாரம் அந்தக் கார்னெட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பெயர் இருந்த இடம் மொழுமொழுவென்றிருந்தது. ஆனால் அதற்குப் பின்புறம், அழுக்கு இருந்தவரை கண்ணில் படாத வெளிர்மஞ்சள் கோடு ஒன்று, வாயின் விளிம்பிலிருந்து உள்நோக்கி, ரம்பப் பல் போல வளைந்து வளைந்து ஓடிக்கொண்டிருந்தது.