சுங்கரா ஏரியும் லாரிச் சத்தமும்

ஆவணப்படங்களுக்கு ஒலிப்பதிவு செய்வது என் தொழில். காட்டுயிர்ப் படங்களில் நம் காதில் விழுவதில் பெரும்பகுதி பிறகு ஸ்டுடியோவில் சேர்த்ததுதான். அதனால் நேரில் போய்ப் பதிவு செய்து வா என்று யாராவது சொன்னால் யோசிக்காமல் கிளம்பிவிடுவேன். தென் அமெரிக்க நாடான சிலேயின் வடகோடியில் இருக்கும் லௌக்கா தேசியப் பூங்காவுக்கு அப்படித்தான் போனேன். தயாரிப்புத் தரப்பு கேட்டது ஒன்றே ஒன்று, மனிதச் சத்தமே இருக்கக் கூடாது. பூங்காவின் குறுக்கே பொலிவியாவுக்கு நெடுஞ்சாலை ஓடுவதை அவர்கள் வரைபடத்தில் பார்க்கவில்லை போல.

கடலோரத்து அரிக்காவிலிருந்து சுங்கரா ஏரிக்கு ஒரே பகலில் 4,500 மீட்டர் ஏறிவிடலாம், ஆனால் ஏறக் கூடாது. வழியில் புத்ரே ஊரில் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டோம். "கொஞ்சமா சாப்பிடு, மெதுவா நட, தனியா தூங்கு" என்று ஆண்டிஸ் மலைப் பக்கம் ஒரு சொலவடை உண்டு. நான் பேட்டரிகளோடு தூங்கினேன், குளிரில் அவை செத்துவிடாமல் இருக்க ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் சோறு சரியாக வேகாது, அதைக்கூடச் சமாளிக்கலாம். மூச்சுதான் பெரிய தொல்லை. பத்தடி நடந்தாலே இரைக்கும், அந்த இரைப்பு அப்படியே மைக்கில் விழும். அதனால் மைக்கைக் கரையில் நட்டுவிட்டு, நீளமான கேபிளை இழுத்துக்கொண்டு தள்ளிப்போய் உட்காருவேன்.

விடிந்ததிலிருந்து காற்று கிளம்பும் வரைதான் வேலை. மதியத்துக்கு மேல் மேற்கிலிருந்து வீசும் காற்றில் ரோம உறை போட்ட மைக்கும் பிரயோஜனமில்லை.

அந்தக் காலை நேரத்தில் ஏரியை ஆள்வது ராட்சத நாமக்கோழி. நம்மூர் நாமக்கோழியின் உறவுதான், ஆனால் இரண்டு கிலோவுக்கு மேல் எடை, வளர்ந்த பறவைக்குப் பறப்பதே பெரும்பாடு. நீர்ச்செடிகளை அள்ளி அள்ளிக் குவித்து, ஆள் படுக்கும் அளவுக்கு மேடு கட்டி அதன்மேல் கூடு வைக்கும். ஒருவர் தண்ணீரைத் தொண்டையில் வைத்துக் கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம் போடும், பின்னணியில் பரினகோத்தா எரிமலை 6,300 மீட்டருக்கு மேல் பனியோடு நிற்கும், இதுவோ கொப்பளித்துக்கொண்டிருக்கும். எனக்கு ஃபிளமிங்கோக்களைவிட இதுதான் பிடித்துப்போனது. பாறைகளில் வெயில் காயும் விஸ்காச்சாவை முதலில் முயல் என்றே நினைப்பீர்கள், சின்சில்லா குடும்பத்துக் கொறிணி அது. கூர்மையாக ஒரு விசில் அடித்துவிட்டு இடுக்கில் மறைந்துவிடும்.

அப்புறம் லாரிகள். பொலிவியாவுக்குக் கடற்கரை கிடையாது, அதன் சரக்கில் கணிசமான பகுதி அரிக்கா வழியாகத்தான் போய்வருகிறது. லாரிகள் கியரைக் குறைத்து இறங்கும் உறுமல் ஏரிக்கு மேலே நெடுந்தூரம் கேட்கும். ரோமத்துக்காகச் சுடப்பட்டு, 1960களில் ஆண்டிஸ் முழுவதிலும் சில ஆயிரங்களாகக் குறைந்துபோன விக்குன்யாக்கள், ஒட்டகக் குடும்பத்துக் காட்டு விலங்குகள், சாலையோரமே மேய்கின்றன. லாரிக்குத் தலைகூட நிமிர்த்துவதில்லை, நான் எழுந்து நின்றால் மட்டும் கூட்டத்தின் ஆண் குரல் கொடுக்கும், மொத்தமும் ஓடும். அதன் கணக்கில் லாரியைவிட நடந்து வருகிறவன்தான் ஆபத்து, அது நியாயமும்கூட.

பூங்கா நிலத்தில் பெரும்பகுதி அய்மாரா பழங்குடி மக்களுடையது. சதுப்பு மேய்ச்சலில் அவர்கள் வளர்க்கும், விக்குன்யாவுக்கு உறவான லாமாக்களும் அல்பாக்காக்களும் காதில் வண்ண நூல் கட்டியபடி திரிகின்றன. இந்த ஏரித் தண்ணீரையே பம்ப் வைத்துப் பாசனத்துக்குக் கொண்டுபோக ஒரு திட்டம் இருந்தது, 1985இல் சிலேயின் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியதால்தான் நாமக்கோழிக்குக் கூடு வைக்க ஆழமில்லாத கரை மிச்சம். இவ்வளவுக்கும் நடுவே மனிதரே இல்லாத ஒலி என்று ஒன்றைக் கேட்டால் அது எங்கே இருக்கும்?

சரி, கேட்டதைக் கொடுத்தேன். இரண்டு லாரிகளுக்கு நடுவிலான இடைவெளிகளை வெட்டி ஒட்டிய ஒரு காலைப்பொழுது, படத்தில் நன்றாகவே இருக்கிறது. கூடவே வெட்டாத பதிவுகளையும் கோப்புப் பெயரிலேயே 'லாரி' என்று எழுதி அனுப்பினேன். இதுவரை யாரும் திறந்துபார்த்ததாகத் தெரியவில்லை.